போதும் என்று சொல்ல ஓர் ஆள்

எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. அந்த ஃப்ளாட்தான் என்னை நிம்மதியாகச் சாகவிடாது போலிருக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடையில் என்னோடு பட்டுப் பிரிவில் வேலைபார்த்த வேலம்மா, போன மாசியில் இருபத்துமூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தும், போதும் என்று சொல்ல அவள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கதி எனக்கு வேண்டாம் என்று மருத்துவ உயில் எழுத உட்கார்ந்தேன். நினைவு தப்பி, மீள வழியே இல்லை என்றால் மெஷினை நிறுத்திவிடலாம் என்று எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. அதை எனக்காக டாக்டரிடம் சொல்லப்போவது யார் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த ஆளும் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

அண்ணன் மகன் ராம்குமார் ஆதம்பாக்கத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளை, மாதாமாதம் மாத்திரை வாங்கித் தருகிறவன். தாளை நீட்டியதும் காபியைக் கீழே வைத்துவிட்டான்.

"அத்தை, இந்த ஃப்ளாட் எனக்குத்தான்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். நானே போய் நிறுத்துங்கன்னு சொன்னா என்ன பேசுவாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கூடியது. அந்த வாரம் வேறு மூன்று பேரிடம் கேட்டேன். நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு இந்தப் பேச்சு என்று மூவரும் போனை வைத்துவிட்டார்கள். டிவியைப் போட்டுவிட்டு, என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் என்றுமே இருந்ததில்லை.

அப்போதுதான் கடையில் எங்களோடு வேலைபார்த்த ஜைதூன் பீ ஞாபகம் வந்தாள். சேலை எடுக்கத் தனியாக வருகிறவள் முடிவுக்கு எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். நாங்களெல்லாம் இன்னும் பத்துச் சேலையைப் பிரித்துப் போடுவோம். ஜைதூன் மட்டும், போதும்மா, மொதல்ல பார்த்ததே உங்களுக்கு நல்லா கீது என்று மற்றதை மடிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்காக சூப்பர்வைசரிடம் அவள் வாங்காத திட்டில்லை.

மந்தைவெளியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். புருஷன் போய் ஆறு வருடம், குழந்தை கிடையாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கையெழுத்து எங்கே என்றாள்.

"நான் சொல்லிடுவேன்க்கா, கவலப்படாதீங்க. எனக்கும் ஒண்ணு எழுதிடுங்க. உங்க பேரு போட்டுக்கவா?"

போட்டுக்கொள் என்றேன். வெகுநாளைக்குப் பிறகு நான் ஒருத்திக்குத் தேவைப்பட்டேன்.

நந்தனத்தில் ஒரு நோட்டரியிடம் போனோம். ஜெராக்ஸ் கடைக்காரரும் அவர் மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரி இரண்டு உயிலையும் புரட்டிப் பார்த்தார். இதில் பெயர் போட்டிருப்பவர் அப்போது உயிரோடு இல்லையென்றால் யார் சொல்வது, இன்னொரு பெயரும் எழுதிவிடுங்கள் என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எழுத எங்களிடம் வேறு பெயர் இல்லை. அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

பஸ் ஸ்டாப்பில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு முன்னாடி நீங்க போயிடாதீங்க."

அதையே அவளிடம் கேட்கத்தான் அவ்வளவு நேரமாக வாய் வராமல் நின்றுகொண்டிருந்தேன்.