கால் நுழையும் இடைவெளி

போன மாதம் நின்ற இடத்திலேயே சரிந்த பைக், அவள் இடது காலை அடியில் அமுக்கிக்கொண்டது. யாரோ வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தூக்கம் போனது அவள் கணவனுக்குத்தான். அவளோ மறுவாரமே வண்டியை எடுத்துவிட்டாள். வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவளுக்கு வண்டி இல்லாமல் ஆகுமா?

அலைந்து திரிந்து அவன் வாங்கி வந்தது ஸ்லைடர். என்ஜினின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் நைலான் கட்டை. வண்டி விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது அதுதான். ரப்பர் என்றால் தார்ச்சாலையைக் கவ்வி வண்டியைப் புரட்டிவிடும். நைலான் தேய்ந்துகொண்டே வழுக்கும். நீளம் கூடினால் அதுவே நெம்புகோலாகி என்ஜினின் பிடிமானத்தைப் பெயர்த்துவிடும். குறைந்தால் கால் நசுங்கும். இரண்டுக்கும் நடுவான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டான்.

ஞாயிறு காலை வாசலில் மாட்ட உட்கார்ந்தான். என்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதே ஓட்டையில் ஸ்லைடரின் நீள போல்ட்டைப் போட வேண்டும். ஒழுங்கான மனுஷன் அல்லவா, இடது வலது இரண்டையும் கழற்றித் துணியில் அழகாகப் பரப்பி வைத்தான்.

புது போல்ட் உள்ளே போக மறுத்தது. குனிந்து பார்த்தான். ஃபிரேமின் ஓட்டைக்குப் பின்னால் என்ஜினின் ஓட்டை பிறைபோல ஓரமாகத் தெரிந்தது. என்ஜின் இறங்கியிருந்தது! மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"ரெண்டையும் ஒண்ணா கழட்டிட்டீங்களா? என்ன சார் நீங்க! ஒரு பக்கம் முடிச்சுட்டுல்ல அடுத்த பக்கம்? பிடிச்சுக்க ஆளில்லாம அது உக்காந்துருச்சு. சுத்தியலைத் தொட்டுடாதீங்க, மரை போயிடும். கார் ஜாக்கி மேல பலகைய வெச்சு, மெதுவா ஏத்துங்க."

சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். "என்னங்க, மூஞ்சி வெளுத்திருக்கு?"

"என்ஜின் இறங்கிடுச்சும்மா."

"மூட்டு விலகிடுச்சா? தள்ளுங்க, அது என் தொழிலு."

ஜாக்கியை அவள் மயிரிழை மயிரிழையாக ஏற்றினாள். அவன் டார்ச் அடித்துக்கொண்டு ஓட்டையையே பார்த்தான். பிறை வளர்ந்து முழு வட்டமானது.

"நிறுத்து, நிறுத்து!"

போல்ட்டை விரலாலேயே திருகினான். வெண்ணெயில் இறங்குவதுபோல் போனது. மறுபக்கமும் அப்படியே. இறுக்கம் அளக்கும் ஸ்பேனர் இரண்டிலும் 'டிக்' என்றது. ஆனாலும் சந்தேகம். மறுபடி டிக். மறுபடி டிக்.

"போதும், அது அழுதுடும். இன்னும் என்ன?"

"விழுந்தா நிஜமாவே கால் தப்புமா?"

அவள் ஒரு பழைய சாக்கை விரித்தாள். "பிடிங்க. சாய்ப்போம்."

ஜாக்கியை எடுத்துவிட்டு, இருவருமாக வண்டியை இடப்பக்கம் படுக்கவைத்தார்கள். நைலான் கட்டை சாக்கில் ஊன்றி நின்றது. அவன் தடுப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து காலை அடியில் நுழைத்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? எடு!" ஹேண்டிலைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது.

"கொஞ்சம் சும்மா இருங்க." உள்ளே பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிறகு உருவினாள். கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை.

வண்டியை அவள் பிடித்துக்கொள்ள, அவன் கையை விட்டுச் செருப்பை எடுத்தான். கை தாராளமாகப் போய் வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தான்.