தொடுவதற்கு முன்

ஆர்த்தி வாங்கிய பழைய காருக்கு விருதுநகர் கடையொன்றில் ஸ்டீரியோ மாட்டினார்கள். கடைக்காரர் நேசகுமார் நாலு கதவிலும் ஸ்பீக்கர் பொருத்தி, பின்சீட்டுக்கு அடியில் பெட்டி ஒன்றை வைத்து, முன்னால் திரையைப் பதித்தார். ஒரு பொத்தான்கூட இல்லாமல் அது கறுப்பாக மினுங்கியது.

“இங்கன தொடுங்கம்மா, பாட்டு வரும்.”

ஆர்த்தியின் அம்மா தங்கத்தாய் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். காரைவிட்டு இறங்கிப் போய், வாசலில் நின்ற இரும்புக் கம்பத்தில் உள்ளங்கையை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேசகுமார் முழித்தார்.

“அம்மாவுக்கு அச்சங்குளம் பட்டாசு ஆலையில வெடிமருந்து கலக்குற வேலைண்ணே,” என்றாள் ஆர்த்தி. “செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்புக் கரண்டை எறக்கிட்டுத்தான் ரூமுக்குள்ளயே போவாக. ஒரு பொறி பட்டாப் போச்சுல்ல.”

தங்கத்தாய் ஒற்றை விரலால் திரையைத் தொட்டாள்.

நாதஸ்வரம் பொங்கியது. கதவுகளுக்குள்ளிருந்து, காலடியிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து அவளைச் சூழ்ந்தது. தவில் அவள் நெஞ்சுக்குள்ளேயே அதிர்ந்தது. பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை. பிறகு, யாருடைய விரலையோ பார்ப்பதுபோலத் தன் விரலைப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒண்ணும் நடந்துறக் கூடாதுன்னே இம்புட்டு வருசமும் தொட்டேன். நடக்கட்டும்னு இன்னைக்குத்தாண்டி தொட்டிருக்கேன்.”