செல்லாத நடை

தாழ்வாரத்தின் இரண்டு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டு, ரேடியோ தன் வாயைக் கட்டிக்கொள்ளத் தயாரானாள். அவள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் செவிலி. ரேடியோ என்பது வார்டில் வைத்த பெயர். ஊசி போட்டு முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் குடும்பக் கதையைக் கேட்டு, தன் கதையையும் சொல்லி முடித்துவிடுவாள். "தூங்கறப்பவாவது கொஞ்சம் வாயை மூடேன்" என்று கணவன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மூச்சுத்திணறி, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் கிடந்து பிழைத்தவர்களை ஆறு நிமிடம் நடக்க வைத்து, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளக்க வேண்டும். அந்த ஆறு நிமிடமும், தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கும் நாலைந்து வாக்கியங்களைத் தவிர ஒரு சொல் பேசக் கூடாது.

ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒருத்தரைத் தட்டிக்கொடுத்து இன்னொருத்தரைச் சும்மா விட்டீங்கன்னா, நடந்தது அவங்க நுரையீரலா, உங்க வாயான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கூடுதலாக ஒரு வார்த்தை விழுந்தாலும் அந்த நடை செல்லாது. ஒரு வாரம் விட்டு மறுபடி நடக்க வேண்டும். இதுவரை அவள் ஒருவருடைய நடையையும் கெடுத்ததில்லை. வார்டில் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அந்தப் பெருமையை அவள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

இன்றைக்கு வந்திருந்தவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். நிமோனியா முற்றி, எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர். தழும்பேறிய நுரையீரலும் சூம்பிய தொடைகளும் மிச்சம். இரவில் தொண்டையில் குழாய் இருப்பதாக நினைத்து அலறி எழுந்துவிடுகிறார் என்று அவருடைய கோப்பில் இருந்தது. ஒரு வருடமாக மனைவி அவர் முழங்கையை விட்டதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியேகூட ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம்.

அவர் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் ரேடியோவைத் தனியே இழுத்தாள்.

"பொண்ணுக்கு நாளைக்கோ மறுநாளோ பிரசவம் ஆயிடும்ங்கறாங்க சிஸ்டர். போன தடவை குழந்தை தங்கலை. நீ பக்கத்துல இரும்மான்னு அழறா. இவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? அதான் அவர்கிட்ட சொல்லிட்டேன். போன தடவை நடந்ததை விட ஒரு அடி அதிகமா நடங்க, இன்னிக்கே பஸ் ஏறறேன். இல்லேன்னா இல்லை."

"அக்கா, இது அதுக்கான பரீட்சை இல்லையே."

"எனக்கு வேற பரீட்சை தெரியாதே" என்றாள் அந்த அம்மாள்.

அவர் விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கவ்வியை மாட்டி, ரேடியோ கடிகாரத்தை அழுத்தினாள். அவர் விறுவிறுவென்று கிளம்பினார். இது நடை இல்லை, பஸ்ஸைத் துரத்துகிற ஓட்டம். முதல் நிமிடம் முடிந்ததும், "நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று அச்சடித்ததை ஒப்பித்தாள். மூன்றாவது நிமிடத்தில் அவர் காதுமடல் சாம்பல் நிறமானது. ஒருமுறை சுவரில் கை வைத்தார். "வேணும்னா சாஞ்சுக்கலாம், முடிஞ்சப்ப நடக்கலாம்" என்ற வாக்கியம் அதற்கென்றே இருந்தது, அதையும் சொன்னாள். ஆனால் அவர் சாயவில்லை. மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைத்தான் ரேடியோவால் பார்க்க முடியவில்லை.

கவ்வியின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நிறுத்தச் சொல்லும் எல்லைக்கு இன்னும் இடம் இருந்தது. எல்லையைத் தொட்டால்தான் அவள் நிறுத்தலாம். கடைசி நிமிடமும் பாதி தாண்டியாயிற்று.

"அண்ணா, போதும். யாருக்காக இப்படி ஓடறீங்க? உக்காருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது அடுத்தவர் காரியம். அவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைப் பிடித்து உட்கார வைத்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

"கொஞ்ச நேரம்தான் இருந்தது சிஸ்டர்" என்றார். "நிக்கட்டுமான்னு நான் கேட்டேனா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பொம்மையைப் பறிகொடுத்த குழந்தைபோல் கேட்டார்.

"எவ்வளவு?" என்று மனைவி எழுந்து வந்தாள்.

"இது கணக்குல வராதுக்கா. நான் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான். அடுத்த வாரம் திரும்ப நடக்கணும்."

"அடுத்த வாரம் குழந்தை பொறந்திருக்கும்."

ரேடியோ தலைகுனிந்தாள். அவமானத்தில் காது சுட்டது. அந்த அம்மாள் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க பாத்தீங்கல்ல? நீங்களே சொல்லுங்க. இவரை விட்டுட்டுப் போலாமா?" என்றாள்.

போகலாம் என்று சொல்ல அவளுக்கு மனம் துடித்தது. நடுராத்திரி அலறல் ஞாபகம் வந்தது. போகாதீர்கள் என்று சொன்னால் அங்கே ஒருத்தி தனியாக வலியில் கிடப்பாள். கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்தாள். இதற்கு அதில் வாக்கியம் இல்லை.

அந்த அம்மாள் அவள் முகத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலும் மாத்திரைகளும் இருந்த பையைத் தோளிலிருந்து கழற்றி, கணவர் காலடியில் வைத்தாள்.

"இதை நீங்களே எடுத்துட்டு, தனியா மெதுவா வாங்க. நான் வாசல் கேட்டுல நிக்கறேன்."

சொன்னவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். அவர் பையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். பைக்கு நீண்ட தன் கையை ரேடியோ இழுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படிகளை நோக்கிப் போனார்.

ரேடியோ ஜன்னலுக்கு வந்தாள். கீழே வெயிலில் அவர் வெளிப்பட்டு, வாகனங்களுக்கு நடுவே பாதி தூரம் வந்தார். பையை இறக்கி வைத்து, குனிந்து இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள், திரும்பிவிடக் கூடாது என்பதுபோல், கேட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி, அவருக்கு முதுகைக் காட்டி, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.