சவரி காம்ப்ளக்ஸ் வாசலில் வெள்ளைப் பந்தல்

மரியதாஸ் சாருக்கு ஒரு யோசனை வந்தால் எனக்குத் தலைவலி வரும். போன தீபாவளியிலிருந்து அவருக்கு யோசனை வராத வாரமே கிடையாது.

எங்கள் சவரி காம்ப்ளக்ஸ் லஸ்ஸுக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. இரண்டு மாடி, நடுவே திறந்த முற்றம், முற்றத்தில் என்றைக்கும் தண்ணீர் வராத ஒரு நீரூற்று. தரைத்தளத்தில் இடது பக்கம் ஜெசிகா மேட்சிங் சென்டர். ஜெசிகா நான்தான். ஒரு காலத்தில் மயிலாப்பூரில் கல்யாணப் புடவை எடுத்தவர்கள் பிளவுஸ் துணிக்கும் லைனிங்குக்கும் என் கடை வாசலில் நிற்பார்கள். பிறகு எல்லாரும் போனிலேயே துணி வாங்கக் கற்றுக்கொண்டார்கள். அது போதாதென்று மெட்ரோ வேலைக்காகத் தெருமுனையில் தடுப்பு வைத்தார்கள். இப்போது எங்களிடம் வருகிறவர் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். சுற்றி வந்து கும்பிட நாங்கள் என்ன கோயிலா? பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது.

கட்டடத்துச் சொந்தக்காரர் சவரிமுத்து இறந்த பிறகு, பெங்களூரில் அம்மாவோடு இருந்து வேலை பார்க்கும் அவர் மகன் நோயலின் கைக்கு அது வந்தது. ஒரு பில்டர் கேட்கிறார், கொடுத்துவிடப் போகிறேன் என்று அவன் போனில் சொன்னான். நாங்கள் கெஞ்சினோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னான். இந்த இடம் இங்கே யாருக்காவது வேண்டும் என்று அன்றைக்குக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றான். கடை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வயதில் எந்தத் தெருவில் போய், எந்த அலமாரியில் அத்தனை கலர் துணியையும் மறுபடி அடுக்குவேன்?

மரியதாஸ் சார் எங்கள் கடைக்காரர் சங்கத் தலைவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, மேல்மாடியில் பந்தும் பேட்டும் விற்கிறார். சட்டைப் பையில் இன்னும் விசில் இருக்கிறது. ஜனங்கள் சாமான் வாங்க வராவிட்டால் பரவாயில்லை, சும்மா கூடிப் பேசவாவது வரட்டும், கூட்டம் வந்தால் வியாபாரம் தானாக வரும் என்பது அவர் கட்சி. யோசனை தப்பில்லை. அதை அவர் நடத்துகிற விதம்தான் உயிரை வாங்கியது. முதலில் யோகா வகுப்பு வைத்தார். எதிர்க்கடை அக்பர் பாஷா பாய் மட்டும் வந்து, சவாசனத்தில் படுத்தவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்தது புத்தகப் பரிமாற்றம். அபிராமபுரத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய பிளஸ் டூ கைடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவரும் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. கேரம் போட்டியில் அவரும் பாயும்தான் இறுதிச் சுற்று, முதல் சுற்றும் அதேதான். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு 'அனைவரும் வருக' என்று போடுவார். பார்த்தவர்கள் கும்பிடு போட்ட கை ஒன்றை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நேரில் போய்க் கூப்பிடுங்கள் சார் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். காலம் மாறிவிட்டது ஜெசிகா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் 'சமூகச் சந்திப்பு' என்று பெயர் வைத்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, டீ கொடுத்துப் பேசவைப்பது திட்டம். காலையில் நான் வந்து பார்த்தால் முற்றம் குளமாகக் கிடந்தது. ராத்திரி மோட்டாரைப் போட்ட வாட்ச்மேன் அணைக்க மறந்து, மேல்தொட்டி நிரம்பி வழிந்து, மெயின் போர்டுவரை தண்ணீர் போயிருந்தது. கரண்டை நிறுத்தியாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் வாட்ச்மேனைத் திட்ட ஆரம்பித்து, கையோடு மரியதாஸ் சாரையும் திட்டி முடித்தேன். அவர் ஒரு விசில் ஊதினார். எல்லாவற்றையும் வாசலுக்கு மாற்றிவிடலாம், வெயிலுக்குச் சாமியானா போட்டால் போச்சு என்றார்.

சாமியானா வந்தது. அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதால் கலர் துணியெல்லாம் சைதாப்பேட்டைக் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டதாம். மிச்சமிருந்தது வெள்ளை. பந்தல்காரர் தெருவோரமாக அதைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை அவர் வழக்கப்படி இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டு, மூலையில் ஒரு தண்ணீர் கேனும் டம்ளரும் வைத்துவிட்டுப் போனார். உள்ளே இருட்டாக இருந்ததால் நானும் பாயும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து நின்றோம். மரியதாஸ் சார் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், வருகிறவர்களை வரவேற்கக் கைகூப்பி நின்றார்.

சென்னையில் பிறந்து வளர்ந்த மூன்று பேர். வெள்ளைப் பந்தல், எதிரெதிராக நாற்காலி, பாதி இறங்கிய ஷட்டர், கைகூப்பிய மனிதர். எங்கள் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

முதலில் வந்த அம்மாள் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். மரியதாஸ் சாரின் கையைப் பிடித்து ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார். சாருக்கு ஒரே சந்தோஷம். அந்த அம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"எத்தினி மணிக்கும்மா எடுக்கிறாங்க?"

அப்போதுதான் பந்தலின் வெள்ளை என் கண்ணில் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் தெருமுனையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாடவீதிப் பக்கமிருந்து நாலு பேர், ஆட்டோவில் மூன்று பேர். ஒருவர் கையில் ரோஜா மாலைகூட இருந்தது. கூப்பிடக் கூப்பிட வராத ஜனம், மெட்ரோ தடுப்பைச் சுற்றிக்கொண்டு, வேகாத வெயிலில் வந்தது. நல்லது என்றால் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாலும் இடம் கொடுத்தார்களா, மரியாதை கொடுத்தார்களா என்று பார்த்துத்தான் இந்த ஊர் படியேறும். சாவு என்றால் பந்தலைக் கண்டால் போதும்.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஜெசிகாம்மா, பூக்காரம்மா என்னாண்ட வந்து, பாய் நீ உயிரோடத்தான் கீறியான்னு கேக்குது. நான்தான் போய்ட்டேன்னு தெரு பூரா பேசிக்கினு கீறாங்களாம்."

மரியதாஸ் சாரை ஓரமாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், நிரம்பிய நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்துக் கண் மின்ன நின்றார். நோயல் வந்துகொண்டிருக்கிறான், அவன் வந்து கூட்டத்தைப் பார்க்கிறவரை யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம் என்றார்.

"அதுவரைக்கும் யாரக் காட்டுவீங்க சார்? நீங்க போய்ப் படுத்துக்கிறீங்களா?" என்றேன்.

அவர் அதையும் ஒரு நிமிடம் யோசித்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் நீரஜா வந்தாள். அபிராமபுரத்துக்காரி, என் பழைய வாடிக்கை. ஒரு அரக்குப் புடவைக்கு நான் கொடுத்த லைனிங் மெரூன் என்று அவள் சொல்ல, கண்ணைப் போய்ச் சோதித்துக்கொள் என்று நான் சொல்ல, அதோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. தலை கலைந்து, கண் சிவந்து, பந்தலுக்குள் நுழைந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வந்து என் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"நீ இல்லையா? உன் கடை ஷட்டர் இறங்கியிருக்குன்னு காய்கறிக்காரன் சொன்னான். அடுப்பக்கூட அணைச்சேனான்னு தெரியல, ஆத்துலேர்ந்து அழுதுண்டே ஓடி வரேன்."

"இருக்கேன். சாகணுமா நான்?"

"அப்போ யாரு போனது?"

"யாரும் போகல, நீரஜா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அடுத்த கவலைக்குப் போனாள். "சரி, இப்போ நான் ஆத்துக்குப் போய்க் குளிக்கணுமா, வேண்டாமா?"

அதை உன் ஆத்துப் பெரியவர்களைக் கேள் என்றேன். ஆனால் என் மேல் உள்ள கோபத்தை மறந்து எனக்காக அழுதவளை அங்கே உட்காரவைத்து ஏமாற்ற மனது வரவில்லை. பாட்டரியில் ஓடிய மைக்கை எடுத்தேன். யாரும் சாகவில்லை, பந்தல்காரரிடம் வேறு துணி இல்லை, இது எங்கள் காம்ப்ளக்ஸின் சமூகச் சந்திப்பு, எல்லாரும் மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பும் வசவும் கலந்து எழுந்தது. மாலை கொண்டுவந்தவர், இதை இப்போது யார் கழுத்தில் போடுவது என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அந்தச் சத்தத்தில், இதற்கு எங்களை யாரும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்று நாலு பேர் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோமே என்று மரியதாஸ் சார் சொன்னார். அதெல்லாம் கூப்பிட்டதாகுமா என்றார்கள். நான் சாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது, நாளைக்குக் கையெழுத்துத்தான் என்று நான் மைக்கை அணைத்தேன். அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் காரை விட்டு இறங்கி நோயல் நடந்து வந்தான். பந்தலைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறான். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு நேராக என்னிடம் வந்தான்.

"யாரு ஆன்ட்டி?"

நான் பதில் சொல்வதற்குள், "இது சவரிமுத்து பையன்" என்று யாரோ சொன்னார்கள். எழுந்து நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சவரிமுத்து ஊரடங்கு சமயத்தில் போனவர். மருத்துவமனையிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்க இந்தத் தெருவில் ஒருவரையும் விடவில்லை. அதன்பிறகு நோயல் இந்தப் பக்கம் வரவே இல்லை. வாடகை விஷயமெல்லாம் போனில்தான். நீரஜா போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு என்னப்பா ஆச்சு?"

அவன் அவளை யார் என்று தெரியாமல் பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். முதலில் வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம் என்றான். படுக்கை கிடைக்க அலைந்தது, கடைசியாக வீடியோவில் பேசியது, கடை வாடகையை இந்த மாதம் யாரிடமும் கேட்காதே என்று அவர் சொன்னது. சொல்லி முடித்ததும் அடுத்தவர் வந்து கையைப் பிடித்தார். அவரும் அதையே கேட்டார். நோயல் மறுபடியும் காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தான். சாவு வீட்டில் அப்படித்தான். வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், வீட்டார் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார்கள். மாலைக்காரர் மாலையைக் கட்டடத்துப் பெயர்ப்பலகையில் சவரி என்ற எழுத்தின் மேல் மாட்டிவிட்டு, வரிசையில் போய் நின்றார். பாய் டீயை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். சவரிமுத்து கடன் சொன்னவரைத் துரத்தாதது, முற்றத்து நீரூற்றை ஒரு நாளாவது ஓடவைக்கப் படாதபாடு பட்டது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வந்த எரிச்சலோடு அதுவும் சேர்ந்து வந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டு மரியதாஸ் சாரை முறைத்தேன். அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. நோயல் தன் அம்மாவிடம் போனில் பேசிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். குரல் கட்டிப்போயிருந்தது. அந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனால் போவது என் கடை. கேட்டேன்.

"பில்டருக்கு என்னப்பா சொல்லப் போற?"

அவன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நஷ்டம்னுதான் விக்கிறேன்னு நினைச்சீங்களா ஆன்ட்டி? அப்பா போனப்ப ஒருத்தர்கூட வரல. வர முடியாதுன்னு புத்திக்குத் தெரியுது, மனசுக்குத் தெரியல. இந்தத் தெருவே வேணாம்னு இருந்துது." டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தான். "அப்பா எப்படிப் போனார்னு இன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல. இன்னிக்குதான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். வித்துட்டா இவங்கல்லாம் என்னை எங்க வந்து பாப்பாங்க?"

டீ ஆறுகிறது, குடி என்று அதட்டினேன். அதற்குள் மரியதாஸ் சார் வந்து நின்றார். அடுத்த ஞாயிறும் நடத்தலாம், முகூர்த்தம் இல்லை, கலர் துணிக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

நோயல் நிமிர்ந்து பார்த்தான்.

"வெள்ளையே போடச் சொல்லுங்க சார். அம்மாவும் வரேன்னு சொல்லியிருக்காங்க."