ஈரம் என்று சொன்ன வயல்

சோளக்காரன் மனைவி அழும்போதெல்லாம் அவர்கள் வயலில் புதைத்திருந்த சென்சார்கள் மண் ஈரமாக இருப்பதாகச் சொல்லின. அதனால் மோட்டார் ஓடவில்லை. டீசல் விலை இரண்டு முறை ஏறிய வருஷம் அது. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டதால், பாசனச் சங்கம் எல்லா மோட்டார் அறைகளிலும் கைச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, பயிரின் வேரடியில் சென்சார்களைப் பதித்திருந்தது. மண் காய்ந்தால் அவை கம்பியில்லாமல் சேதி அனுப்பும், தண்ணீர் தானே பாயும். மற்ற வயல்களில் அப்படித்தான் நடந்தது. இந்த வீட்டில், சென்சார் பதித்த வாரமே ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள்.

முதல் போகம் நின்றபடியே காய்ந்தது. சங்கத்து மெக்கானிக் வந்து தோண்டினார். மண் புழுதியாகப் பறந்தது. சென்சாரின் சேதி வரும் கைப் போன் சேறு என்றது. சென்சாரை மாற்றினார், சேதி வாங்கும் பெட்டியை மாற்றினார். கடைசியில் வயலோரத்து வீட்டின் அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. போனைப் பார்த்தார், ஈரம் இன்னும் ஏறியிருந்தது. "அண்ணே, கோளாறு எங்ககிட்ட இல்ல," என்று செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு வெங்காயம் நறுக்கிச் சோதித்தார்கள். அந்தக் கண்ணீரைச் சென்சார் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வயல்காரி, "எங்க வயலுக்கு வந்து கொஞ்சம் அழுடி, அங்க மோட்டார் நிக்கவே மாட்டேங்குது," என்றாள். சொன்ன பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அடுத்தடுத்து இரண்டு போகம் தண்ணீர் எடுக்காத வயலின் தண்ணீர்ப் பங்கு வேறொருவருக்குப் போய்விடும் என்பது சங்கத்தின் விதி. பங்கு போனால் வயலும் போனதுதான். இரண்டாம் போகத்துச் சோளம் முழங்கால் உயரத்தில் இலை சுருட்டியபோது கணவன் கேட்டது ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு மட்டும் அடக்கிக்கோ." அவள் அடக்கினாள். அடக்குவது தொண்டை செய்யும் வேலை என்று நினைத்திருந்தாள். அது மனசு செய்யும் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. மகளின் சிரிப்பை, தூக்கத்தில் திறந்திருக்கும் வாயை, கோபம் வந்தால் காலை உதைக்கும் விதத்தை, ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பூட்டினாள். முகமே மங்கத் தொடங்கியது. போன் அப்போதும் ஈரம் என்றது.

"எனக்குத் தெரியாம ஒளிஞ்சு அழறியா?" என்று அவன் கத்தினான்.

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, மோட்டார் அறையில், ஓடாத மோட்டார்மேல் நெற்றியை வைத்து அவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. "சென்சார் என்னோடதையும் சேர்த்துக்கும்னு நினைக்கலடி," என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை மாதமும் தான் மட்டும்தான் மகளுக்கு அம்மாவும் அப்பாவுமாக இருந்து துக்கப்பட்டதாக எண்ணியிருந்தாள்.

அன்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மண் காய்ந்து தண்ணீர் பாயும்வரை இருவரும் அடக்கிக்கொள்வது. வயல் நிஜமாகவே நனைந்த பிறகு அழுவது. சோளம் பாதி பிழைத்தது, பங்கு தப்பியது. வருஷங்கள் போயின, ஏற்பாடு மாறவில்லை. மோட்டார் நின்றதும் பக்கத்து வயல்காரர்கள் வேலையை எடுத்துக்கொண்டு மறுகோடிக்கு நகர்ந்துவிடுவார்கள். "வா, பாஞ்சிருச்சு," என்று அவன் கூப்பிடுவான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வரப்பில் அவன் பக்கத்தில் உட்காருவாள்.