இடது காலுக்கு வேலையில்லை

கியர் வண்டிதான் வேண்டும் என்று என் கணவர் அன்புச்செல்வன் ஒற்றைக்காலில் நின்றார். கியர் மாற்றி ஓட்டினால்தான் ஓட்டுகிற மாதிரி இருக்குமாம், மைலேஜும் கிடைக்குமாம். தினமும் செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டைக்கு ஓட்டப்போவது நான். அதனால் ஆட்டோமேட்டிக்தான் வாங்கினேன். "மைலேஜ் ரெண்டுக்கும் ஒண்ணுதான் மேடம். கிளட்ச் இல்ல, இடது காலுக்கு வேலையே இல்ல. வண்டி தானா போவும்" என்றான் ஷோரூம்காரன்.

கோட்டை மலையடிவாரக் கோயிலில் பூஜை முடிந்தது. நான் ஸ்டார்ட் செய்து, லிவரை டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்திருந்தேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க அவர் முன்னால் குனிந்தார். பானெட்டுக்குக் கீழே தலை மறைந்துவிட்டது.

"நான் சொன்னப்புறம் எடு, கலை."

ஆக்சிலேட்டரைத் தொடாமல் எந்த வண்டி நகரும்? நிம்மதியாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி ஊர்ந்தது. அவர் தலை இன்னும் தெரியவில்லை. என் வலது கால் மரத்துப்போயிற்று. இத்தனை நாள் ஓட்டிய பழைய கியர் வண்டியின் கிளட்ச் என்று நினைத்து, வேலையில்லாத இடது கால் எதையோ ஓங்கி மிதித்தது. அது பிரேக். வண்டி குலுங்கி நின்றது.

அவர் மெதுவாக எழுந்தார். விரலெல்லாம் எலுமிச்சைச் சாறு.

"நான் இன்னும் எடுன்னு சொல்லவே இல்லியே."

"நான் எடுக்கலங்க. அதுவா வந்துச்சு."

அடுத்த டயருக்கான பழம் அவர் கையில் இருந்தது. அவர் குனியவே இல்லை.