பெரட்டுக்கு வந்த பொருள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. பசறையிலிருந்து பதுளைக்கு வரும் வழியில், எனக்கு முன்னால் நின்ற பெண் ஒருத்தி போனில் ஒரு சொல்லைச் சொன்னாள். கேட்டதும் நான் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பாதை வளைவுதான் காரணம் என்று நினைத்து யாரோ இரக்கப்பட்டு ஜன்னல் பக்கம் இடம் தந்தார்கள்.

அந்தச் சொல்லை இப்போதே சொன்னால் கதை முடிந்துவிடும். ஆகவே கொஞ்சம் சுற்ற விடுகிறேன், வாசகரே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம், முதல் வரைவு: "பிரபஞ்சத்தின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு, ரேடார் திரையில் ஒரு பச்சைப் புள்ளி—"

வேண்டாம். நான் ரேடார் அறைக்குள் போனதே இல்லை. புள்ளி பச்சையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இரண்டாம் வரைவு: "அகீல் ஹாலிஎலக்காரன். மலையுச்சி முகாம் ஒன்றில்* ரேடார் திரை பார்ப்பது அவன் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, தெமோதரைக்கு மேலே, எந்த விமானமும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி வந்தது. பதினொரு விநாடி நின்றது. மறைந்தது. அவன் அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதினான்."

இது பரவாயில்லை. எழுதாமல் விட்டிருந்தால் அகீலுக்கு ஒரு கரைச்சலும் வந்திராது.

* எந்த மலை என்று சொல்லமாட்டேன், ராணுவ ரகசியம். பதுளை பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள்.

2

இனி, கண்ணால் கண்ட சாட்சி. பெரியாயி தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அதே செவ்வாய், அதே நேரம், அதே வானத்தில் அவளும் ஏதோ பார்த்திருக்கிறாள். விசாரிக்க முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் வராது. பெரியாயிக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். ஆகவே பதுளை அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளன் தனேஸ்வரனை ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். யாழ்ப்பாணத்தான். மாற்றலாகி வந்து மூன்று வாரம்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. சட்டை மடிப்புக் குலையாமல், தமிழ் முழுவதும் தன் பரம்பரைக் காணி என்பதுபோல நடக்கிற ஆள். உங்களுக்கும் பிடிக்காது. வேறு யாரும் அகப்படவில்லை.)

பெரியாயி சொன்னாள்: "பெரட்டுலதாங்க பாத்தேன். வெள்ளையா வந்துச்சு. நின்னுச்சு. போயிருச்சு."

அதிகாரியின் தாளில் ஆறு கேள்விகள் இருந்தன. நிறம், சத்தம், வாசனைகூட இருந்தது. எத்தனை என்ற கேள்வி மட்டும் இல்லை.

பெரட்டு என்றதும் தனேஸ்வரன் உள்ளுக்குள் பூரித்துப் போனான். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தானே தேய்ந்து பெரட்டு ஆனது! பேச்சுத் தமிழில் 'வந்துச்சு' ஒன்றுக்கும் பொருந்தும், நூறுக்கும் பொருந்தும். ஆகவே சிங்களத்தில் அழகாக எழுதினான்: 'வெள்ளை நிறப் பொருட்கள் அணிவகுத்து வந்து, நின்று, சென்றன.'

அடியில் நா— அடியில் தனேஸ்வரன் கையெழுத்து வைத்தான். கோப்பின் மேல் சிவப்பு முத்திரை விழுந்தது.

3

வானத்தில் ஒரு படையே அணிவகுத்துப் போயிருக்கிறது, அகீல் ஒன்றைத்தான் கண்டிருக்கிறான். அப்படியென்றால் மற்றவை வந்தபோது தூங்கினானா? அவனைத் திரையிலிருந்து எழுப்பி, முகாமின் போஞ்சிக்காய்ப் பந்தலுக்குக் குரங்கு விரட்ட அனுப்பினார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. 'கவனக்குறைவாக இருந்தேன்' என்று ஒப்புக்கொண்டால் குரங்கோடு காலம் தள்ளலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

இதெல்லாம் பரம ரகசியம். அதனால் எங்கள் கந்தோர் முழுவதற்கும் தெரியும். (அவர்கள் கந்தோர் என்று திருத்த வேண்டும்.) அகீலின் அக்கா நஸ்மியா அங்கேதான், தனேஸ்வரனுக்கு அடுத்த மேசையில். சாப்பாட்டுக் கடைகள் ஒத்துவராத அவனுக்கு, வந்த நாள் முதல் தன் சோற்றில் பாதியைத் தருபவள்.

"எங்கட தம்பி பொய் பேசுறவன் இல்ல, தனேஸ். ஒண்ணுதான் வந்துச்சுங்கிறான்," என்றாள், சம்பலை அவன் பக்கம் தள்ளியபடி. "தோட்டத்துப் பொம்பள எவளோ கூட்டமா வந்துச்சுன்னு சொல்லிட்டாளாம். அவ நாசமாப்—"

அவள் சாபத்தைப் பாதியில் விழுங்கினாள். தனேஸ்வரன் சோற்றை விழுங்கினான். பெரியாயி கூட்டமாகத்தான் பார்த்தாள் என்று அப்போது அவனும் நம்பியிருந்தான்.

4

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னது இதுதான்: "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருவேன்னு கங்காணிகிட்டச் சொல்லிரு."

பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிற்க வைத்து, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்து அனுப்புவது. சொல்லின் பூர்வீகம் தனேஸ்வரனுக்குத் தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை.

மறுநாள் தெமோதரைக்கு ஓடினான்.

"எத்தினை வந்தது, அம்மா?"

"ஒண்ணுதாங்க சேர். வரிசையா நின்னது நாங்க." பெரியாயி சிரித்தாள். "அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அங்கிருந்து நேரே முகாம் வாசலுக்குப் போய், அங்கே நின்ற அதிகாரியிடம் பேசினான். (உரையாடல் சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம்.)

"என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும்."

"அது ரகசிய ஆவணம். அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை."

"எழுதியவனே நான்தான். அதில் அணிவகுப்பு என்று..."

"அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியில் மறியற்சாலைக் கம்பி வாடை அடித்தது. தனேஸ்வரன் திரும்பிவிட்டான்.

5

முடிவு, முதல் வரைவு: வெள்ளிக்கிழமை அந்தப் பொருள் திரும்பி வந்து, விசாரணை மேசைக்கு மேலே நின்று, "நான் தனியாகத்தான் வந்தேன்" என்கிறது. எந்த மொழியில்? அதை மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவார்கள்? வேண்டாம்.

இரண்டாம் வரைவு: தனேஸ்வரன் நஸ்மியாவிடம் உண்மையைச் சொல்கிறான். "அக்கா, அந்த மனிசி அப்பிடிச் சொல்லேல்லை, அது—"

மூன்று நாளாக இந்த வசனம் இதற்கு மேல் நகரவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் சோற்றுப் பெட்டியைத் திறந்துவிடுகிறாள்.

சரி. தனேஸ்வரன் நான்தான். இரண்டு இடத்தில் கை தவறியபோதே கண்டுபிடித்திருப்பீர்கள். விஷயத்தை வெளியிடமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் நான். கதை எழுதமாட்டேன் என்று எங்கும் வைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

6

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் தள்ளிவிட்டு எழுத்தாளன் தப்பிவிடுவான். நானும் தள்ளுகிறேன். ஆனால் எனக்கு வாசகர் ஒரே ஒருவர்தான்.

நஸ்மியா அக்கா, இன்று வியாழன். பெட்டியை நான் கழுவித் தருகிறேன் என்று வாங்கியது இந்தத் தாள்களை உள்ளே வைக்கத்தான். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு இவ்வளவு விளக்கியதற்கு மன்னியுங்கோ. பெரியாயியைத் திட்டாதேங்கோ. திட்ட வேண்டியவன் அடுத்த மேசையில் தலை நிமிராமல் இருக்கிறான்.

நாளைக்கு அகீல் இதை மேசையில் வைக்கட்டும். ரகசியம் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டால், கதையில் வாசித்தேன் என்று சொல்லட்டும். யார் எழுதிய கதை என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதா விடுவதா என்பதுதான் நான் உங்களிடம் விடுகிற முடிவு.

என் பெயரையே சொல்லுங்கோ, அக்கா. கடைசித் தாளில் கதை இல்லை. பெரியாயி சொன்னதும், அதன் சரியான சிங்களமும், கீழே என் கையெழுத்தும் இருக்கின்றன. என் முழுப் பெயரையும் நானே சிங்களத்தில் எழுதிவிட்டேன். அதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாது.